வோல்ட்மீட்டர் காட்டியது பேட்டரியை அல்ல: மின் நிறுவனப் பயிற்சியும் இரண்டு வாய்மொழித் தேர்வுகளும்

பயிற்சிப் பொறியாளர்களுக்கான இறுதி வாய்மொழித் தேர்வில் இரண்டாம் முறை அமர்ந்து தேறிவிட்டேன் என்ற செய்தி சென்ற வாரம் வந்தது. முதல் முறை தவறியதற்கு ஒரே ஒரு கேள்விதான் காரணம் என்று இப்போதும் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றியே அமையும். பயிற்சி அட்டவணையும் குறிப்பேட்டின் படிவமும் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேர்வாளர் கேட்டது இதுதான்: "துணை மின் நிலையத்தின் டிசி (நேர்மின்னோட்ட) பலகையில் வோல்ட்மீட்டர் 122 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடுவீர்களா?" 110 வோல்ட் அமைப்புக்கு 55 ஈய அமில செல்கள், ஃப்ளோட் நிலையில் (சார்ஜர் பேட்டரியைத் தொடர்ந்து நிறைவாக வைத்திருக்கும் நிலை) செல்லுக்கு 2.2 வோல்ட்டுக்குச் சற்று மேல் என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். கணக்குச் சரியாக வந்த மகிழ்ச்சியில் "ஆம்" என்றேன். "சார்ஜரை நிறுத்திவிட்டால்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் கேட்ட எளிய கேள்விகளுக்குக்கூட நான் தடுமாறினேன்.

சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது பலகையில் தெரிவது சார்ஜரின் வோல்ட்டேஜ். தொடராக இணைத்த 55 செல்களில் ஒன்று உள்ளே அறுந்திருந்தாலும் அந்த மீட்டர் அதே 122-ஐத்தான் காட்டும். பஸ்பாருக்கு (ஃபீடர்கள் எல்லாம் இணையும் பொதுக் கடத்தி) மிக அருகில் ஒரு 11 கிலோவோல்ட் ஃபீடரில் (நிலையத்திலிருந்து வெளியே செல்லும் மின்தடம்) பழுது ஏற்பட்டால் பஸ் வோல்ட்டேஜ் சரிகிறது. அதே பஸ்ஸிலிருந்து மின்சாரம் பெறும், நிலையத்தின் சொந்தத் தேவைக்கான சிறிய மின்மாற்றியும் அதை நம்பியிருக்கும் சார்ஜரும் அந்தக் கணமே கைவிடுகின்றன. ஆக, பேட்டரி மிகவும் தேவைப்படும் வினாடியில் பேட்டரி மட்டுமே எஞ்சியிருக்கிறது. அது இல்லையென்றால், பழுதைக் கண்டறியும் ரிலே எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், பிரேக்கரை (மின்சுற்றைத் துண்டிக்கும் சாதனம்) திறக்க வைக்கும் ட்ரிப் காயிலுக்கு மின்னோட்டம் போகாது. மேலே உள்ள நிலையத்தின் பிரேக்கர் தாமதமாகத் திறந்து பழுதைத் துண்டிக்கும் வரை நிலையத்தின் பிரதான மின்மாற்றி பழுது மின்னோட்டத்தைச் சுமக்கிறது. பின்னர் நிலையம் முழுவதும் இருளில் மூழ்குகிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்காமல் இல்லை. ஆனால் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்திருந்தேன். பாதுகாப்புப் பிரிவுக்கு எங்களுக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே நாட்கள். கோப்புகளை அடுக்குவதில் பல வாரங்கள் போயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. இருந்தாலும், அந்த வாரங்களில் மாலை வேளைகளில் ரிலே அறைக்குப் போய் நிற்பதை யாரும் தடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறைக்கு நான் செய்தது ஒன்றுதான். ஒரே ஒரு ஃபீடரின் ட்ரிப் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு, ட்ரிப் காயிலிலிருந்து பின்னோக்கி, கையில் பென்சிலோடு நடந்தேன். நெகட்டிவ், ட்ரிப் காயில், பிரேக்கரின் துணைக் கான்டாக்ட், டெர்மினல் எண், ரிலேயின் கான்டாக்ட், ஃபியூஸ், பாசிட்டிவ், பேட்டரி. ஒவ்வோர் இடத்திலும் "இது இங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டேன். துணைக் கான்டாக்ட் ஏன் அங்கே இருக்கிறது என்பது அப்படித்தான் புரிந்தது: பிரேக்கர் திறந்ததும் அது காயிலின் மின்னோட்டத்தைத் துண்டித்துவிடுகிறது, இல்லையென்றால் குறுகிய நேரத்துக்கென வடிவமைக்கப்பட்ட காயில் எரிந்துபோகும், ரிலேயின் சிறிய கான்டாக்ட்டும் கருகும். ட்ரிப் சர்க்யூட்டைக் கண்காணிக்கும் ரிலே எதற்கு என்று அதன் பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழுதாக முடிக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. குழுவாகப் படிப்பவர்கள் இன்னும் விரைவாக முடிக்கலாம். நான் தனியாக, மெதுவாகப் படிப்பவன், எனக்கு இந்த வழிதான் ஒத்துவந்தது.

பேட்டரியைப் பற்றி எனக்கு உண்மையில் கற்றுத்தந்தவர் ஷிப்டில் இருந்த மூத்த ஆபரேட்டர். டிஸ்சார்ஜ் சோதனை நடந்த நாளில் செல்களின் வோல்ட்டேஜை ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லி மீட்டரை என்னிடம் கொடுத்தார். "தம்பி, லோடில் அளந்தால்தான் செல் உண்மையைச் சொல்லும்" என்றார். மற்ற செல்கள் 2 வோல்ட்டை ஒட்டி நின்றபோது ஒன்று மட்டும் என் கண்ணெதிரே சரிந்துகொண்டே போனது. முதல் தேர்வுக்கு முன்பே இதைப் பார்த்திருந்தால் ஆறு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

இரு தேர்வுகளிலும் என்னிடமும் உடன் பயின்றவர்களிடமும் கேட்கப்பட்டவை:

- மின்னோட்டம் பாயும்போது சிடியின் (பெரிய மின்னோட்டத்தை அளப்பதற்காகக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியை ஏன் திறக்கக் கூடாது? (பிரைமரி மின்னோட்டம் முழுவதும் கோரைக் காந்தமாக்கவே செலவாகும், திறந்த முனைகளில் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் எழும்.)
- மின்மாற்றியின் உட்பழுதைக் கண்டறியும் புக்கோல்ஸ் ரிலேயின் இரண்டு நிலைகள். மெல்லச் சேரும் வாயுவுக்கு அலாரம். எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் ட்ரிப்.
- சாதாரண ஐடிஎம்டி வளைகோடு (மின்னோட்டம் கூடக்கூட ரிலே விரைவாக இயங்குவதைக் காட்டுவது), நேரப் பெருக்கி 1: அமைத்த மின்னோட்டத்தின் 2 மடங்குக்கு ஏறத்தாழ 10 வினாடி, 10 மடங்குக்கு ஏறத்தாழ 3 வினாடி. இந்த இரண்டு எண்களை மனப்பாடம் செய்தால் போதும்.
- மெக்கர் (காப்புத் தடையை அளக்கும் கருவி) அளவை 1 நிமிடத்திலும் 10 நிமிடத்திலும் எடுப்பது ஏன்?
- ஐசொலேட்டருக்கும் (மின்னோட்டம் நின்ற பிறகு லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்) பிரேக்கருக்கும் இடையிலான இன்டர்லாக் (தவறான வரிசையில் இயக்க விடாத பூட்டு). வரைந்து காட்டச் சொல்வார்கள்.

மீட்டர் பிரிவு, கட்டணப் பிரிவு ஆகியவற்றிலிருந்து என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை. அதற்காக அவற்றைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஆனால் நேரம் குறைவாக இருந்தால் நான் அங்கே செலவிட மாட்டேன்.

பணி அனுமதி பற்றிய கேள்விக்கு மட்டும் புத்தக விடை சொல்லாதீர்கள். பயிற்சியின் இரண்டாம் மாதத்தில், இருபுறமும் ஐசொலேட்டர் திறந்திருந்த ஒரு லைனில் கண்டக்டரை நோக்கிக் கையை நீட்டினேன். லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு இன்னும் மாட்டப்படவில்லை. பக்கத்தில் இணையாக மற்றொரு லைன் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. உடன் இருந்த லைன்மேன் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். துண்டிக்கப்பட்ட லைனிலும் தூண்டல் வோல்ட்டேஜ் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கை அதை அறிந்திருக்கவில்லை. வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று காட்டும் டிடெக்டரை முதலில் உயிருள்ள லைனில் சரிபார்த்து, பிறகு வேலை செய்யும் லைனில் சோதித்து, மீண்டும் உயிருள்ள லைனில் சரிபார்த்த பிறகே எர்த் செய்ய வேண்டும் என்ற வரிசையை இரண்டாம் தேர்வில் சொன்னபோது, தேர்வாளர்கள் இடையில் குறுக்கிடவே இல்லை.

குறிப்பேட்டில் பெயர்ப்பலகை விவரங்களை நகலெடுப்பதை நிறுத்துங்கள். என் முதல் குறிப்பேட்டில் மின்மாற்றிகளின் கேவிஏ எண்கள் பக்கம் பக்கமாக இருந்தன. தேர்வாளர் அதைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். இரண்டாவதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கேள்வியும், அதற்கு விடை கிடைத்த தேதியும் மட்டும் இருந்தன. அவர்கள் அதிலிருந்தே பாதிக் கேள்விகளை எடுத்தார்கள்.

ஒரு நிலையத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மாற்றப்படும் முன், அங்குள்ள பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, ஒரு ஃபீடரின் கன்ட்ரோல் வரைபடத்தையும் டிசி விநியோக வரைபடத்தையும் உங்கள் கையால் வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றலான பிறகு அவற்றைக் கேட்டு வாங்குவதற்கு எனக்கு ஏழு வாரங்கள் ஆயின.