வெர்பேட்டிம் எழுதிய இரவுகள்

பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தேன். "டாக்டருக்கா படிக்கிறே?" என்று மாமியார் கேட்டார். மாத்திரை எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட், அவர் எம்.பி.பி.எஸ். முடித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். நான் இரண்டும் இல்லை என்று விளக்கினேன்.

"அப்புறம் என்னதான் செய்வே?"

"பேசுறதைக் கேட்பேன் அத்தை."

"அதுக்கு ரெண்டு வருஷமா?"

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வியின் கனம் மூன்றாவது செமஸ்டரில்தான் உறைத்தது.

முதல் வருடம் முழுக்கப் பாடம். 1957இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மனமாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகள் போதும் என்றார். அதில் ஆலோசகர் பக்கம் இருக்க வேண்டியவை மூன்று: உண்மையாக இருப்பது, நிபந்தனை போடாமல் ஏற்பது, எதிரில் இருப்பவரின் உலகத்தை அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்ப்பது. அறிவுரை அந்தப் பட்டியலிலேயே இல்லை. பரீட்சையில் இதையெல்லாம் அழகாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

மூன்றாவது செமஸ்டரில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் களப்பயிற்சி. ஓ.பி. வரிசைக்குப் பக்கத்தில் துணித்திரை போட்ட ஒரு மூலைதான் என் அறை. பயிற்சியில் எல்லோரும் பயப்படுவது வெர்பேட்டிம் என்கிற பதிவுக்கு. ஒலிப்பதிவுக்கு அனுமதி கிடையாது. அதனால் வந்தவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரிக்கு வரி ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். வலது ஓரத்தில், அந்த நேரம் என் மனதில் என்ன ஓடியது என்பதையும் எழுத வேண்டும். முக்கால் மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க நடு இரவாகிவிடும்.

என் முதல் வெர்பேட்டிம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பதினோரு வருடம் பிள்ளைகளின் நோட்டில் நான் போட்ட அதே சிவப்பு. மேற்பார்வையாளர் மேடம் என் வரிகளை மட்டும் எண்ணி ஓரத்தில் எழுதியிருந்தார். வந்தவரைவிட நான்தான் அதிகம் பேசியிருந்தேன். "கிளாஸ் எடுத்திருக்கீங்க" என்றார். கோபம்கூட இல்லை, அதுதான் வலித்தது.

இன்னொரு சிக்கல், படித்தது இங்கிலீஷில், கேட்பது தமிழில். 'ஹவ் டிட் யூ ஃபீல்' என்பதற்கு நம்மிடம் நேரான கேள்வி இல்லை. 'எப்படி உணர்ந்தீர்கள்' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. 'அப்போ மனசு எப்படி இருந்துச்சு?' என்றால் பதில் வரும். அதுவும் பல நேரம் உடம்பு வழியாக வரும்: நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, வயித்தைப் பிசையுது.

ஒரு பெண் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) "எனக்கு எல்லாம் வெறுத்துப்போச்சு மேடம்" என்றார். நான் 'ஃபெட் அப்' என்று பதிவில் மொழிபெயர்த்திருந்தேன். மேற்பார்வையாளர் அந்தச் சொல்லை வட்டமிட்டு, "வேலை வெறுத்துப்போச்சா, வாழ்க்கை வெறுத்துப்போச்சா? அவங்ககிட்டேயே கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி விதைப்பதில்லை, வெளிப்படையாகக் கேட்பதே பாதுகாப்பு என்று முதல் வருடமே படித்திருந்தேன். ஆனாலும், மறுநாள் அவரை வரவழைத்து "சாகணும்னு தோணுதா?" என்று கேட்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. அவர் அதிர்ச்சியடையவில்லை. "இத யாருமே கேட்டதில்ல" என்றார். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனேன். கூட வந்த அக்காவிடம் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

பாடப்புத்தகம் எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை. கேட்பவர் எப்படி உட்கார வேண்டும் என்று, கவுன்சலிங் பாடப்புத்தகம் எழுதிய ஜெரார்ட் ஈகன் ஒரு வரையறை கொடுத்திருக்கிறார்: நேர் எதிரே, சற்று முன்சாய்ந்து, கண்ணைப் பார்த்து, தளர்வாக. மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவிடம் இதை அப்படியே செய்து பார்த்தேன். நான் சாயச் சாய அவர் நாற்காலி பின்னால் போனது. அடுத்த முறை நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டேன். இருவரும் அந்தத் துணித்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் பேச்சே இல்லை. டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பாதி கணக்கில் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் அடுத்த ஸ்டெப்பைச் சொல்லத் துடிக்கும் அதே வாய், எனக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. அடக்கிக்கொண்டேன். அப்புறம் அவராகவே, பையனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். புளி எவ்வளவு கரைப்பார் என்பதுவரை சொன்னார்.

கிளம்பும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒண்ணுமே சொல்லலையே மேடம்" என்றார். எனக்குத் திக்கென்றது.

"அடுத்த வாரமும் இதே கிழமை வரட்டுமா?"