காது அடைப்பும் காசிமேட்டு மீனும்

ஜூன் 3, செவ்வாய், ராயபுரம்

வயதானவர்கள் லேசான மறதி என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காது, கண். காதில் விழாத பேச்சு எப்படி நினைவில் நிற்கும்? குறும்பி அடைப்பு, கண்புரை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, இவற்றை டாக்டர் பார்த்த பிறகுதான் நினைவுப் பயிற்சி.

ஜூன் 5, வியாழன்

குழு அமர்வு, 6 பேர், 45 நிமிடம். சி.எஸ்.டி. (பேச்சாலும் விளையாட்டாலும் மூளையைத் தூண்டும் பயிற்சி) என்கிற இந்த முறை இங்கிலாந்தில் லேசான, நடுத்தர டிமென்ஷியாவுக்காக (மறதி நோய்) உருவானது: வாரம் 2 முறை, 7 வாரம், 14 அமர்வு. அந்த வடிவத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இன்று மீன். "இது என்ன மீன்?" என்று கேட்டால் அது பரீட்சை. ஒருவர் தடுமாறினால் மிச்சப் பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். "குழம்புக்குச் சங்கராவா, கானாங்கத்தையா?" என்று கேட்டால் தப்பான பதிலே கிடையாது, சண்டைகூட வரும், வரட்டும். பிறகு நெத்திலிக் கருவாட்டை முகரக் கொடுத்து, படங்களை முள் அதிகம், முள் குறைவு என்று பிரிக்கச் சொல்வது. டிவி ஓடினால் எல்லாம் பாழ்.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டில் செய்ய, இடைவெளி விட்டுக் கேட்கும் பயிற்சி. ஒரே விஷயம், ஒரே வாசகம். மகள் முதலில் பதிலைச் சொல்லிவிட வேண்டும்: "மாத்திரை போட்டாச்சான்னு டப்பாவுல பாக்கணும்." உடனே கேள்வி: "நைனா, எங்க பாக்கணும்?" "டப்பாவுல." சொல்லும்போதே கையால் டப்பாவைத் திறக்கட்டும். பிறகு 15 வினாடி, 30, 1 நிமிடம், 2, 4, 8 என்று இடைவெளி கூடும். நடுவில் கீரை ஆயலாம், ஊர்க்கதை பேசலாம்.

தப்பினால் "யோசிச்சுச் சொல்லு" வேண்டாம். யோசித்துச் சொன்ன தப்பான பதிலே மனதில் ஒட்டிக்கொள்ளும். சரியானதைச் சொல்லி, சொல்லவைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில்: மகன் ஒரு மாதிரி, மருமகள் வேறு மாதிரி கேட்பது, வீட்டில் இரண்டு மாத்திரை டப்பா இருப்பது. வந்த விருந்தாளியைக் காட்டி "இது யாரு தெரியுதா?" என்பது இதைவிட மோசம்.

ஜூன் 12, வியாழன்

நடை. வாரம் 2 நாளாவது உடற்பயிற்சி வேண்டும் என்பது அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2018 வழிகாட்டுதல். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். வெயில் தாழ்ந்து மொட்டை மாடியில் நடக்கலாம். நடந்துகொண்டே மீன் பெயர் சொல்வது அடுத்த படி. விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

சுடோகு ஒன்றையே நம்புகிறவர்களுக்கு: பின்லாந்தில் 1260 பேரிடம் நடந்த ஃபிங்கர் ஆய்வில் (2015) சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி. கவனிப்பு எல்லாம் சேர்ந்துதான் இருந்தன. கருவாட்டு உப்பு பி.பி.க்கு ஆகாது. அதனால் அந்தக் கருவாடு முகர மட்டும்.