தலைகீழாய்த் தொங்கும் கிளிகள்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து வந்த முதல் பிரதோஷம் அது. கோட்டைக் கோயிலுக்கு வந்து நந்திக்குக் காப்பரிசி வைக்கிறேன் என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். கோபுர வாசல் படியில் கால் வைக்கும்போது நான் கையை நீட்டினேன். "நேனே எக்குதானு" என்றார். நானே ஏறிக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஏறியும் விட்டார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அத்தை சித்தூர்ப் பக்கத்தில் பிறந்தவர். நாற்பது வருடத்துக்கு மேல் வேலூரில் இருந்தும் சாமியோடும் பேத்தியோடும் தெலுங்கில்தான் பேசுவார். நான் வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரிப் பெண். எங்கள் தெருவில் உருது பேசுகிற குடும்பங்கள் நிறைய. அம்மா வேலைக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டுக் காலாதான் எனக்குச் சோறு போடுவார். பெரியம்மா, சித்தி இரண்டு பேரையும் உருதில் காலா என்றுதான் சொல்வார்கள். அப்படி வயிற்றோடு சேர்ந்து வந்த மொழி என்பதால் எனக்கு உருது எழுத வராது, பேச வரும். கல்யாணமாகி வந்த வீட்டில் தெலுங்கு. இப்படி மூன்று மொழி புழங்கும் வீட்டில் கதை எழுதுகிறவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: ஒரே பொருளுக்கு யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று சின்ன நோட்டில் எழுதி வைப்பேன். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். கதைக்கு உதவியது கொஞ்சம்தான். ஆனால் அந்த நோட்டு இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு பித்து உண்டு. என் வீட்டுக்காரருக்கு மொட்டை மாடித் தோட்டம். முள்ளுக்கத்தரி, பச்சை மிளகாய், டிரம்மில் ஒரு கொய்யா, அப்புறம் தொட்டியில் வளர்ந்த ஒரு வில்வம். அன்றைக்கு நந்திக்குக் கொண்டுபோன வில்வம் அந்தத் தொட்டியில் பறித்ததுதான். மகளுக்குப் படம் வரைவது. எங்கே போனாலும் பென்சிலை எடுத்துவிடுவாள். அத்தைக்குப் பூ கட்டுவது. மல்லிகையோ சாமந்தியோ கையில் கிடைத்தால் போதும், பேசிக்கொண்டே முழம் முழமாய்க் கட்டிவிடுவார். கோயில் என்றால் இந்த நான்கும் ஒன்றாகக் கிளம்பிவிடும்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சின்ன வயதில் அதை நாங்கள் பாட்டு மாதிரி சொல்லித் திரிவோம். அதில் கடைசி வரி எங்கள் வீட்டைத் தொட்டது. கோட்டைக்குள் இருந்த ஜலகண்டேசுவரர் படையெடுப்புக் காலத்தில் வெளியே எடுத்துச் செல்லப்பட்டு, எங்கள் சத்துவாச்சாரியில்தான் வைக்கப்பட்டிருந்தார். கோட்டைக்குள் கோயில் வெறுமையாய் நின்றது. நடுவில் ஆயுதக் கிடங்காகக்கூட இருந்ததாம். 1981 மார்ச் மாதம்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா அன்று முழுக்க எதையும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. "நம்ம தெருச் சாமி அவர் வீட்டுக்குப் போயிட்டார்டி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய வீடு மாதிரி இருந்தது என்று பின்னாளில் அவளே சொன்னாள்.

அதனால் இந்தச் சன்னிதியில் நிற்கும்போது எனக்குப் பிறந்த வீட்டு ஆளைப் பார்க்கிற உரிமை வந்துவிடும். தீபாராதனை நேரத்தில் வேண்டுதல் எதுவும் நினைவுக்கு வராது. சௌக்கியமா என்று மட்டும் கேட்பேன். அன்றும் அப்படித்தான் கேட்டேன். அகிலாண்டேசுவரி சன்னிதியில் மட்டும் அத்தையின் முழங்காலுக்காக ஒரு நிமிடம் கூடுதலாக நின்றேன்.

நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெருக்கியது. பால், தயிர், சந்தனம் என்று ஒவ்வொன்றாக ஆனதும் வில்வமும் அருகம்புல் மாலையும் சாற்றினார்கள். எங்கள் தொட்டி வில்வம் எது என்று அவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை காப்பரிசியை வைத்து, நந்தியின் பக்கம் கையைக் காட்டி ஏதோ தெலுங்கில் முணுமுணுத்தார். அதை நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

அப்புறம் கல்யாண மண்டபம். கோபுரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் இருப்பது. விஜயநகர ஆட்சிக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் இது. சின்ன பொம்மு நாயக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதரை ஆதரித்து, அவருக்குக் கனகாபிஷேகம் செய்தவர் அந்த நாயக்கர்தான். தெலுங்கு பேசிய ஓர் அரசர், தமிழ்நாட்டில் பிறந்த ஒரு பண்டிதருக்குச் சமஸ்கிருத நூல்களுக்காகப் பொன் சொரிந்த ஊர் இது என்று நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மண்டபத்தின் முன்வரிசைத் தூண்களில் யாளிகளும், முன்னங்கால் தூக்கிய குதிரைகளும், அவற்றின்மேல் வீரர்களும் பாய்ந்து வருவார்கள். வெள்ளைக்காரர்கள் இதை அப்படியே பெயர்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், ஏற்ற வந்த கப்பல் மூழ்கிவிட்டது என்று ஊரில் ஒரு கதையும் உண்டு.

ஆனால் எங்கள் வீட்டுக்கு யாளியைவிடக் கூரைதான் பிடிக்கும். நடுவில் ஒரு தாமரை, அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள் தலைகீழாய்த் தொங்கும். மகள் அவற்றை வரைய மல்லாந்து படுக்காத குறையாகத் தூணில் சாய்ந்துகொண்டாள். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து பையிலிருந்த மல்லிகையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

அங்கேதான் அந்த வங்காளத் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். வேலூரில் இது புதிதில்லை. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களால் காந்தி ரோடு முழுக்க வங்காள எழுத்தில் போர்டுகள். லாட்ஜ் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் தங்குவார்கள். சாயங்காலமானால் அகழி ஓரமாக நடந்து கோயிலுக்கு வருவார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வகிட்டில் நீளமாய்ச் சிந்தூரம், கையில் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும். நெற்றியில் விபூதியை எப்படி இட்டுக்கொள்வது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அத்தை பூவைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியில் மூன்று விரலால் இட்டுவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்கு உடைந்த இந்தி, எனக்குக் காலா கொடுத்த உருது. சாமி பெயர் என்ன என்று கேட்டார். ஜலகண்டேசுவரர் என்றேன். நீர் சூழ்ந்த புற்றில் கிடைத்த லிங்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்று விளக்கப் போய், "பானி" என்று தேடித் தேடிச் சொன்னேன். அதற்குள் அவரே முகம் மலர்ந்து, "ஜோல்! ஜோல்!" என்றார். அவர்கள் மொழியில் ஜலம்தான் ஜோல். வந்த பதினைந்து நாளில் ஊரில் எந்தப் பெயரும் வாயில் நுழையவில்லையாம். இந்தச் சாமி பெயர் மட்டும் பாதி அவர் வீட்டுச் சொல். கணவருக்கு மறுநாள் ஆபரேஷன் என்று அப்புறம்தான் சொன்னார். அத்தைக்கு நான் தெலுங்கில் சொன்னேன். அத்தை உடனே புடவையை லேசாக விலக்கி முழங்கால் தழும்பைக் காட்டி, எழுந்து நாலு அடி நடந்து காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் நோட்டை எடுத்தேன். தண்ணீர், நீள்ளு, பானி, ஜோல். ஒரே பக்கத்தில் நாலும்.

அந்த அம்மா மகளின் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கூரையைக் காட்டி, "டியா" என்றார். கிளி. அதையும் எழுதினேன். உருதில் தோதா, தெலுங்கில் சிலுக. மகள் படத்தின் ஓரத்தில் அவருடைய சங்கு வளையலையும் வரைந்து காட்டினாள். கட்டி முடித்த மல்லிகையில் பாதியை அத்தை அவருக்கே கிள்ளிக் கொடுத்துவிட்டார். சாமிக்கென்று கட்டிய பூ அது. போகட்டும், சாமி கொண்டையில்தான் போய்ச் சேர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது இருட்டிவிட்டது. 133 ஏக்கர் கோட்டைக்குள் கோயில், மசூதி, 1846இல் கட்டிய தேவாலயம் எல்லாம் நடக்கும் தூரத்தில். 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கர் சிறையிருந்து, 1832இல் இறந்ததும் இந்த ஊரில்தான். அவருக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. விரும்பி வந்தவர்கள், கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள் என்று எத்தனை பேர் இந்த அகழித் தண்ணீரைப் பார்த்து நின்றிருப்பார்கள், அதை எந்தெந்தச் சொல்லால் அழைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன்.

ராத்திரி அத்தை வெகுநேரம் தூங்கவில்லை. அந்த மனிதருக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன் என்று இரண்டு முறை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விடிந்ததும் குளித்து விளக்கேற்றி, வழக்கத்தைவிட நேரம் எடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம் மெதுவாக மொட்டை மாடிக்கு ஏறினார். கொய்யா டிரம்மில் இரண்டு கிளிகள் காயைக் கொத்திக்கொண்டிருந்தன. மற்ற நாளாக இருந்தால் கையைத் தட்டி விரட்டியிருப்பார். அன்று விரட்டவில்லை. மாடிப்படிப் பக்கம் திரும்பி, கிளி வந்திருப்பதைச் சொல்லக் கீழே இருந்த மகனுக்குக் குரல் கொடுத்தார்.

"ஒரேய், டியா வச்சிந்தி!"