பகலோடு திரும்பிவிடாதீர்கள்: காலி, மலாக்கா, பினாங்கு

பழைய காலனித் துறைமுக ஊர்களுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். இலங்கையில் கொழும்பில் தங்கிக்கொண்டு காலிக்கு ஒரு நாள், மலேசியாவில் கோலாலம்பூரில் தங்கிக்கொண்டு மலாக்காவுக்கு ஒரு நாள். வாடகைக் கார், கோட்டைச் சுவரில் ஒரு படம், சிவப்புக் கட்டடத்தின் முன்னால் ஒரு படம், முடிந்தது. அந்தக் கார் வாடகையை வைத்துக்கொண்டு அதே ஊரில் சிக்கனமாக ராத்தங்கலாம் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதே இல்லை. சிக்கனமாகப் பயணம் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மற்ற எதில் வேண்டுமானாலும் காசைக் குறையுங்கள், இரவுகளின் எண்ணிக்கையில் மட்டும் குறைக்காதீர்கள்.

இந்த மாதிரி ஊர்களில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி தெருவிலேயே கிடக்கிறது. மதில், வாசல், சமாதிக் கல், வீட்டு முகப்பு, மசூதி, கோயில் எதற்கும் பெரிய டிக்கெட் கிடையாது. காரும் பஸ்ஸும் வருவதற்கு முன்னால் கட்டிய ஊர்கள் என்பதால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே போய்விடலாம். ஆக, செலவு என்று பார்த்தால் போய்ச்சேருவதும் படுப்பதும்தான். கூட்டம் ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் வருகிறது, இருட்டுவதற்குள் போய்விடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஊர் அங்கே வாழ்கிறவர்களுடையது. அங்கே தூங்குகிற நமக்கும் அதில் கொஞ்சம் கிடைக்கும்.

முதலில் காலி. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் கவுண்டரில் டிக்கெட் வாங்கி, முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறி, வலது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். பாதை பல இடங்களில் கடலை ஒட்டியே போகிறது. காலை அலுவலக நேரத்திலும் மாலையிலும் மட்டும் நிற்கக்கூட இடம் இருக்காது, அந்த நேரத்தைத் தவிர்த்துவிட்டால் போதும். காலி ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோ தேவையில்லை. கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் கோட்டை.

பழைய வாசல் வழியாகவே உள்ளே போங்கள். வெளிப்பக்கத்தில் வாசலுக்கு மேலே ஆங்கிலேய அரசச் சின்னம் இருக்கும். மதிலின் கனத்தில் குடைந்தது போன்ற அந்த இருட்டு வழியைக் கடந்து உள்ளே வந்ததும், அப்படியே நடந்து போய்விடாமல் நின்று திரும்பி அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், இரண்டு பக்கமும் சிங்கம், உச்சியில் ஒரு சேவல், கீழே 1669 என்ற ஆண்டு. 1640-ல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1796-ல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர். வெளியிலிருந்து வருகிறவன் புது முதலாளியைப் பார்க்கட்டும் என்று அவர்கள் முகப்பை மட்டும் மாற்றிவிட்டு உட்பக்கத்தை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு வாசலின் இரண்டு பக்கத்திலேயே ஆட்சி மாற்றம் முழுவதும் தெரிகிறது.

உள்ளே 1755-ல் கட்டி முடித்த டச்சுத் தேவாலயத்தில் தரையே சமாதிக் கற்கள்தான். மண்டையோடு செதுக்கிய கல்லுக்கு மேலே நடந்துதான் பெஞ்சுக்குப் போக வேண்டும். தெருக்களுக்கு அடியில் டச்சுக்காரர்கள் போட்ட சாக்கடைக் கால்வாய்கள் ஓடுகின்றன. கடல் ஏறி இறங்கும்போது அந்தத் தண்ணீரே கழிவை அடித்துக்கொண்டு போகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். 2004 சுனாமியில் வெளியே இருக்கும் புது நகரம் சின்னாபின்னமானபோது கோட்டைக்குள் சேதம் குறைவாக இருந்ததற்கு இந்த மதில்கள்தான் காரணம். மதில் மேல் நடக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: காலியில் டெஸ்ட் மேட்ச் நடக்கிற நாளில் அங்கே இருந்தால், மதில் மேலிருந்தே ஆட்டம் தெரியும். ஊர்க்காரர்கள் வெகுகாலமாக அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கோட்டைக்குள் தங்குவது பணக்காரர்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். பெரிய ஓட்டல்கள் அப்படித்தான். ஆனால் உள்ளே இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன, முஸ்லிம் குடும்பங்கள் நிறைய, அவர்களில் சிலர் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். ஏசி வேண்டாம், மின்விசிறி போதும் என்று சொல்லிவிட்டால் வாடகை நன்றாகவே இறங்கும். கடல் காற்று வருகிற ஊர்தானே. அப்படித் தங்கினால்தான் விடிகாலையில் மதில் மேல் நடக்கிற பெரியவர்களையும், மீரான் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிறவர்களையும் பார்க்க முடியும். தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே நினைக்கத் தோன்றும் பள்ளிவாசல் அது.

காலியில் கிடைத்து இப்போது காலியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1911-ல் இங்கே ஒரு கல்வெட்டுக் கல் கிடைத்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409 தேதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதியது. சீனப் பகுதி புத்தருக்கும் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும் பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. ஐரோப்பியக் கப்பல் ஒன்றுகூட இந்தக் கடலுக்குள் வராத காலத்தில் இங்கே வியாபாரம் எந்த மொழிகளில் நடந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கல் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரயில் ஏறுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள், காலியைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

அடுத்தது மலாக்கா. கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நாள் முழுக்க பஸ் ஓடுகிறது, சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பழைய ஊருக்கு டவுன் பஸ். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தைக்காக நாடே திரண்டு வரும், அறை வாடகையும் ஏறிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், தெருவும் நடக்கிற மாதிரி இருக்கும்.

போர்த்துகீசியர் 1511-ல் பிடித்து எழுப்பிய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாசல். 1807 வாக்கில் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தபோது ஆங்கிலேயக் கம்பெனியின் அதிகாரி ராஃபிள்ஸ் தலையிட்டதால் அது தப்பியது. அதன் மேலும் டச்சுக் கம்பெனியின் சின்னம் இருக்கிறது, ஆண்டு 1670. காலியில் 1669, இங்கே 1670! ஒரே கம்பெனி, கடலின் இரண்டு கரையில், அடுத்தடுத்த ஆண்டில் தன் முத்திரையைக் குத்தியிருக்கிறது. இரண்டையும் நேரில் பார்த்த பிறகுதான் அந்தக் கம்பெனி எவ்வளவு பெரியது என்பது எனக்கு உறைத்தது, அதுவரை அது வெறும் பாடப்புத்தகப் பெயர்தான். வாசலுக்குப் பின்னால் படியேறினால் குன்றின் மேல் கூரையில்லாத புனித பவுல் ஆலயம், சுவரோரம் சாய்த்து வைத்த ஆளுயர டச்சுக் கல்லறைக் கற்கள். புனித பிரான்சிஸ் சேவியரின் (சவேரியார்) உடலை கோவாவுக்குக் கொண்டுபோவதற்கு முன் 1553-ல் சில மாதங்கள் இங்கேதான் வைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் உடற்பயிற்சி செய்கிற ஊர்க்காரர்கள் சிலரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

சிவப்புச் சதுக்கத்தில் நேரத்தைக் கரைக்காமல் ஆற்றைத் தாண்டிப் பொற்கொல்லர் தெருவுக்குப் போங்கள். ஒரே தெருவை ஒட்டிப் பொய்யாத விநாயகர் கோயில், கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில். பிள்ளையார் கோயில் 1781-ல் கட்டியது. டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள் எழுப்பியது. சுல்தான்கள் காலத்தில் வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். காஜா பெராங்கில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது, பழைய ஊரிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் ஒருநாள் சுற்றுலாவில் யாரும் அங்கே கூட்டிப்போவதில்லை. காலனி ஊர் என்றால் ஆண்ட நாலு நாட்டுக்காரனின் கதை என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பது அந்தத் தெருவில் நிற்கும்போது புரியும்.

அப்புறம் பினாங்கு. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், ஸ்டேஷனிலிருந்தே நடந்துபோய் ஃபெர்ரி ஏறலாம். விமானத்தில் போய் இறங்குவதைவிட இப்படிப் போவது பெரும்பாலும் மலிவு. அது மட்டுமல்ல, பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் கடலிலிருந்து பார்க்க வேண்டிய ஊர். 1786-ல் இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இறங்கியதும் கடல் வழியாகத்தானே. அவருடைய கல்லறை வடக்குக் கரையோரப் பழைய புராட்டஸ்டன்ட் இடுகாட்டில் இருக்கிறது; ஈழத்தலரி (ஃபிராங்கிபானி) மரங்களின் நிழல், கட்டணம் கிடையாது. மலேரியாவில் 1794-ல் செத்தார். சுற்றியுள்ள கற்களைப் படித்துக்கொண்டே போனால் எத்தனை பேர் இருபதுகளிலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்று மனசு கனத்துவிடுகிறது.

இங்கே தங்குவதற்குச் சிறந்தது பழைய கடைவீடுகள். முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் மழையும் வெளிச்சமும் விழுகிற முற்றம். அறை எடுக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஜன்னல் உண்டா, உண்டென்றால் முற்றத்தைப் பார்த்தா தெருவைப் பார்த்தா. மிக மலிவான அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது, இரண்டு இரவுக்கு மேல் தாங்காது. முற்றத்துப் பக்கம் கொஞ்சம்தான் கூடுதல், இரைச்சலும் இருக்காது. மழை வந்தாலும் சுற்றுவது நிற்காது. வீட்டு முகப்புகளுக்குக் கீழே மூடிய ஐந்தடி நடைபாதை தொடர்ந்து ஓடுகிறது. 1822-ல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கிய அமைப்பு, பிறகு மலாயா முழுக்கப் பரவியது. ஊருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது. சூலியா தெருவில் மலிவான விடுதிகளுக்கு நடுவிலேயே நாகூர் தர்கா நிற்கிறது, பத்து நிமிட நடையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும்.

ஆனால் இந்த ஊரின் வருத்தமான விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பழைய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திவந்த சட்டம் 2000-ம் ஆண்டுத் தொடக்கத்தோடு போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்ட பிறகு வீடுகளின் விலை இன்னும் ஏறியது. இன்று பல கடைவீடுகள் விடுதியும் காபிக் கடையும்தான். நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதால் நம் சில்லறை எங்கே போகிறது என்று பார்ப்பது அவசியம். அறை பதிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வி அனுப்புங்கள்: நீங்களும் இதே வீட்டில்தான் இருக்கிறீர்களா? ஆமாம் என்று பதில் வந்தால், கொஞ்சம் பழசாக இருந்தாலும், குளியலறை பொதுவாக இருந்தாலும், அங்கேயே எடுங்கள். மூன்று ஊரிலும் நான் இதைத்தான் கேட்கிறேன்.