முப்பத்தாறு புள்ளி எட்டு

சிங்கப்பூரில் எங்கள் தொடக்கக் கல்லூரி (ஜூனியர் காலேஜ், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) ஒரு கிறிஸ்துவ சபை நடத்துவது. அங்கே தாதி கிடையாது. முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்கும் அலுவலகப் பணியாளரே ‘சிக் பே’ என்ற நோயாளர் அறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினோர் ஆண்டுகள் அது என் பொறுப்பு. இரண்டு கட்டில், ஒரு பச்சைத் திரை, சுவரில் மரச் சிலுவை. மாத்திரை தர எனக்கு அனுமதி இல்லை. வெந்நீர், கோடாலித் தைலம், அரைமணி நேரப் படுக்கை, பெற்றோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. என் வைத்தியம் அவ்வளவுதான்.

வெப்பமானி மட்டும் எப்போதும் கையில் இருக்கும். 2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூரில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்து, தினமும் வெப்பநிலை பார்க்கச் சொன்னார்கள். கிருமி போய்விட்டது, எங்கள் பதிவேட்டில் அந்தக் கட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. பெயர், நேரம், வெப்பநிலை, காரணம். காய்ச்சல் இல்லையென்றால் வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்த எண்ணை வைத்தே எத்தனையோ பிள்ளைகளைப் பொய்யர்கள் என்று முடிவு கட்டியிருக்கிறேன். கணிதத் தேர்வன்று வரும் வயிற்றுவலி விஷயத்தில் பெரும்பாலும் நான் நினைத்தது சரியாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2016 ஜனவரி. கல்லூரி திறந்த முதல் வாரம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். காலை ஜெபத்தில் நிற்கும்போது தலை சுற்றுகிறதாம். 36.8 டிகிரி செல்சியஸ், காய்ச்சல் இல்லை. மறுநாளும் அதே 36.8. மூன்றாம் முறை எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. இந்துப் பிள்ளை, ஜெபத்துக்கு நிற்கப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“காலையில் சாப்பிட்டாயா?”

“சாப்பிட்டேன், ஆண்ட்டி.”

அந்தப் பதில் வந்த வேகத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜெபமே இல்லாத ஒரு நாளில் நூலகப் படிக்கட்டில் சரிந்துவிட்டாள். கட்டிலில் கிடந்தபடி சுவரைப் பார்த்தாள், என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “விரதம், ஆண்ட்டி. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். இங்கே சொல்லலாமா என்று தெரியவில்லை.”

அவளுடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, அதற்கு வேண்டுதல். நாளுக்கு ஒரே வேளைச் சோறு, அதுவும் இரவில். என் அம்மா ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாலைவரை தண்ணீர் மட்டுமே குடிப்பார் என்று சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள்.

அவள் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். “பாலும் பழமும் சாப்பிடலாம் என்றுதான் நான் சொன்னேன். இவள்தான் கேட்க மாட்டேன் என்கிறாள்” என்றார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில்வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், வெறுங்காலில். இந்த உடம்போடு எப்படி நடப்பாய் என்று அவளிடம் கேட்டேன். அதற்குமட்டும் அவளிடம் பதில் இல்லை.

மறுநாளிலிருந்து ஏழேகாலுக்கு வந்து, பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்குப் போவாள். பதிவேட்டில் அதை எழுத இடமில்லை, நானும் எழுதவில்லை. “சாப்பிட்டாயா” என்று கேட்பதையும் அன்றோடு விட்டேன். “கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?” என்றுதான் இப்போது கேட்கிறேன். அதற்குப் பொய் சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று காலை நொண்டிக்கொண்டே வந்தாள். இரண்டு பாதங்களிலும் கொப்புளம். மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். வெப்பநிலை: 36.8. காரணம்: நடந்தது.