பீனிக்ஸில் மூடிய பள்ளிகளும் மூடாத கணக்கும்

கணக்கு டீச்சராக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கு வந்த புதிதில், அதன் தலைநகரான பீனிக்ஸுக்குப் பழசு என்று எதுவுமே இல்லை என்றுதான் நினைத்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில், வெயில் 43 டிகிரியில் கொளுத்தும்போதே பள்ளியைத் திறந்துவிடுவார்கள். பிள்ளைகள் ஏசி அறையை விட்டு நகரமாட்டார்கள். பக்கத்து அறையில் வரலாறு எடுக்கும் டீச்சர் சாப்பாட்டு நேரத்தில் சொன்ன கதைகளைக் கேட்ட பிறகுதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நகரத்தின் முதல் உயர்நிலைப் பள்ளியான பீனிக்ஸ் யூனியன் 1895-ல் தொடங்கியது. 1926-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி கட்டினார்கள், அதுவும் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் இருந்த பகுதியில். 1943-ல் அதற்குக் கறுப்பின வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பெயரை வைத்தார்கள். 1945-ல் அங்கே முதல்வராக வந்த டபிள்யூ. ஏ. ராபின்சன், மற்ற பள்ளிகளுக்குச் சளைக்காத ஆசிரியர்களைத் தேடிச் சேர்த்தார். ஒதுக்கிவைக்கத்தான் அந்தப் பள்ளியைக் கட்டினார்கள், அதை நல்ல பள்ளியாக்கியது உள்ளே இருந்தவர்கள். டீச்சராக இருப்பதாலோ என்னவோ, எனக்கு இதுதான் மனதில் நின்றது.

1951-ல் மாநிலச் சட்டசபை, கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரிப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தக் கல்வி வாரியமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தள்ளிவிட, பீனிக்ஸ் வாரியம் பிரித்தே வைத்தது. வழக்கு போனது. 1953-ல் நீதிபதி ஸ்ட்ரக்மையர் அது செல்லாது என்றார், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன, நாடு முழுக்கப் பேசப்படும் பிரவுன் தீர்ப்புக்கு ஒரு வருஷம் முன்பே. இப்படி ஒரு அதிகாரத்தைக் கொடுத்தால் நாளைக்கு ஸ்பானிய, சீன வம்சாவளியினரையும் பிரிக்கலாம், ஏன், முடியின் நிறத்தை வைத்துக்கூடப் பிரிக்கலாமே என்பது அவர் வாதம்.

இதை வகுப்பில் சொன்னபோது, முடிக்குப் பச்சைச் சாயம் அடித்திருந்த ஒரு பையன், "அப்ப எனக்குத் தனி ஸ்கூலா மிஸ்?" என்றான். எல்லாரும் சிரித்தோம். ஸ்பானிய வம்சாவளி என்றதும்தான் சிரிப்பு அடங்கியது, ஏனென்றால் என் வகுப்பில் முக்கால்வாசிக்கு மேல் மெக்சிகோ வழிக் குடும்பத்துப் பிள்ளைகள். பீனிக்ஸுக்கு மேற்கே டாலசன் ஊரில் அவர்களைப் போன்ற பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளியில் தனியாக உட்காரவைத்ததையும், 1951-ல் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் சொன்னேன். அங்கே குடியிருக்கும் ஒரு பெண் நம்பவே இல்லை, பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள்.

கார்வர் பள்ளி 1954-ல் மூடப்பட்டது. ரொம்ப வருஷம் சாமான் போடும் இடமாகக் கிடந்த கட்டடத்தைப் பழைய மாணவர்கள் வாங்கினார்கள். இப்போது அது அருங்காட்சியகம். பீனிக்ஸ் யூனியனும் 1982-ல் மூடப்பட்டது. மிஞ்சிய பழைய கட்டடங்களில் இன்று மருத்துவக் கல்லூரி நடக்கிறது. வசதியான வெள்ளையர் குடும்பங்கள் நகர மையத்தை விட்டு வடக்கேயும் புறநகருக்கும் போய்விட்டன என்பது பீனிக்ஸ் யூனியன் மூடப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம். 1994-ல், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கான சட்டமும் வந்தது, எந்தப் பள்ளி என்று பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். சட்டம் போட்டு யாரும் பிரிக்கவில்லைதான், ஆனால் என் வருகைப் பதிவேட்டில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.