அம்முச்சியின் கேள்வியும் 8-வது அலகும்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை உயிரியலில் முதல் தடவை எழுதியபோது, பாடத்திட்டத்தின் 8-வது அலகான மரபியலில்தான் கவிழ்ந்தேன். எனக்கு நன்றாக வரும் என்று நம்பியிருந்த பாடமே அதுதான். மெண்டல், பட்டாணி, 3:1, 9:3:3:1 எல்லாம் பிளஸ் டூவில் தமிழில் படித்த காலத்திலிருந்தே மனப்பாடம். ஈரோட்டில் ஒரு பயிற்சி மையம் தந்த குறிப்பேட்டையும் வரி விடாமல் உருப்போட்டிருந்தேன். தேர்வில் ஒரு வம்சாவளிப் படம் வந்தது. நோயுள்ள அப்பாவின் பிள்ளைகளில் ஒருவருக்கும் நோய் இல்லை. நோயுள்ள அம்மாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமா, ஒடுங்கு பண்பா என்று பத்து நிமிடம் முட்டி மோதித் தப்பான விடையைக் குறித்தேன். பஸ் ஏறும்போதுதான் உறைத்தது, அது தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. வழி நோய் என்று.

அடுத்த பொங்கல் லீவில் அம்முச்சியை (அம்மாவின் அம்மா) கூட்டிக்கொண்டு கொடுமணல் போனேன். சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையில் இருக்கிற ஊர். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பார்கள். இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் தடயம் கிடைத்த இடம்; தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. ஈமக்காட்டின் கல்வட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்முச்சி கேட்டார்: “நீதான் டி.என்.ஏ., டி.என்.ஏ.ன்னு படிக்கறயே, இதுக்குள்ள இருந்த எலும்ப வெச்சு இவங்க நமக்கு என்ன மொறை ஆவாங்கன்னு சொல்ல முடியுமா சாமி?”

நான்கு வருடம் உயிரியல் படித்தவனுக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன மூன்று மாதம்தான் என்னுடைய உண்மையான தயாரிப்பு. நெட்டுக்குப் படிப்பவர்களிடம் நான் சொல்வதும் அதுதான்: மரபியலை மெண்டலில் தொடங்கி வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பழைய எலும்பில் டி.என்.ஏ. எடுக்கும் கதையைக் கையில் எடுங்கள். பாடத்திட்டத்தில் பாதி அதற்குள் இருக்கிறது.

எலும்பில் டி.என்.ஏ. ஏன் கெடுகிறது என்பதில் தொடங்கலாம். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012-ல் ஒரு கணக்கு போட்டார்கள். சுமார் 13 டிகிரி வெப்பத்தில், 242 எழுத்து (டி.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வோர் அலகும் ஓர் எழுத்து) நீளமுள்ள மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. துண்டுகளில் பாதி சிதைய 521 ஆண்டு ஆகிறது. 13 டிகிரி! ஈரோட்டு மே மாத வெயிலை நினைத்துக்கொண்டேன். ஹரியானாவின் ராக்கிகரியில் 61 மாதிரிகளை முயன்று பார்த்ததில் ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதிதான் தேறியது. 2019-ல் வெளியான ஆய்வு அது. அதற்கும் காதுக்கு உள்ளே இருக்கும் கெட்டியான எலும்பைத்தான் நம்பினார்கள். சைபீரியாவின் தெனிசோவா குகையில் ஒரு விரல் எலும்புத் துணுக்கிலிருந்தே ஒரு புது மனித இனத்தை 2010-ல் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் குளிர் ஒரு முக்கியக் காரணம். அந்தக் குழுவின் தலைவர் ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-ல் நோபல் கிடைத்தது.

சரி, இதில் தேர்வுக்கு என்ன இருக்கிறது? சைட்டோசின் என்ற எழுத்து தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் ஆகிவிடும். உயிருள்ள செல்லில் அதை வெட்டி எடுத்துச் சரிசெய்ய ஒரு நொதி இருக்கிறது. செத்த பிறகு யார் சரிசெய்வது? யுராசில் அப்படியே கிடக்கும், கருவி அதைத் தைமின் என்று படிக்கும். துண்டுகளின் நுனியில் இந்த மாற்றம் கூடுதலாக இருந்தால் அது பழைய டி.என்.ஏ.தான், தோண்டியவர் கையிலிருந்து ஒட்டியதல்ல என்று நம்பலாம். “டி.என்.ஏ.வில் யுராசிலுக்குப் பதில் ஏன் தைமின்?” என்ற கேள்விக்கும் விடை இங்கேயே கிடைத்துவிட்டது. யுராசிலும் இயல்பான எழுத்தாக இருந்திருந்தால், எது பிழை எது சரி என்று அந்த நொதிக்கு எப்படித் தெரியும்? குறிப்பேட்டில் நான் ஐந்து தடவை படித்தும் மண்டையில் ஏறாத விஷயம் இது.

கலப்படமும் அப்படித்தான். 1994-ல் டைனோசர் டி.என்.ஏ. என்று வெளியான ஒன்று கடைசியில் மனித டி.என்.ஏ.வாக இருந்தது. டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறையான பி.சி.ஆர். எதைக் கொடுத்தாலும் பெருக்கும்; பழையதா புதியதா என்று அதற்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் பி.சி.ஆர். பாடத்தில் பாதி முடிந்தது.

கிடைக்கும் துண்டுகள் பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைவு. மனித மரபணுத் தொகுதியோ சுமார் 300 கோடி எழுத்து. திருப்பூர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சானுக்கு இதை இப்படிச் சொன்னேன்: கட்டிங் வேஸ்ட் மூட்டையைக் கொட்டிவிட்டு, பக்கத்தில் முழு பனியன் ஒன்றை விரித்துவைத்து, ஒவ்வொரு துணுக்கும் எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்ப்பது. “அதுக்கு எத்தனை ஷிஃப்ட் ஆகும் மாப்ள?” என்றான்.

அம்முச்சி கேட்ட ‘முறை’க்கு வருகிறேன். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. 16,569 எழுத்து, தாய்வழி மட்டும். அம்முச்சியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு, என்னோடு நின்றுவிடும். ஒய் குரோமோசோம் நம் பக்கத்துக் கூட்டம் (குலம்) மாதிரி, அப்பன்வழி மகனுக்கு. ஞாபகம் வைக்க மட்டும்தான் இந்த உவமை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள். இந்த இரண்டு வழியும் அதில் இரண்டு பேரைத்தான் காட்டும். ஓர் எலும்பைக் காட்டி “இவர் எந்தக் கூட்டம், எந்தச் சாதி” என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

உட்கலப்புக் கெழு என்பது, சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் ஜீன் அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு. அந்தக் கணக்குக்கு நம் வீட்டைவிட நல்ல புத்தகம் கிடையாது. அக்கா மகளைக் கட்டிய என் பெரிய மாமன் குடும்பத்தை வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாதையை எண்ணினேன். ஒவ்வொரு பொது மூதாதைக்கும் பாதையில் நான்கு பேர், ½-இன் நான்காம் அடுக்கு 1/16, அப்படி இரண்டு பேர், ஆக 1/8. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பாதையில் ஐந்து பேர், 1/32, அப்படி இரண்டு பேர், ஆக 1/16. ஒரு தடவை சொந்த ஆட்களை வைத்துப் போட்டால் மறக்காது. அம்முச்சிதான் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொன்னார்.

மற்றவை சீக்கிரம். மக்கள்தொகையில் ஒரு ஜீன் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கிடும் ஹார்டி-வைன்பெர்க்கில், 10,000 பேரில் ஒருவருக்கு ஒடுங்கு நோய் என்றால் நோய் ஜீனின் பங்கான q 1/100, அதைச் சுமப்பவர் ஏறக்குறைய 50-ல் ஒருவர். தினம் இரண்டு கணக்கு போடுங்கள். ஒரே குரோமோசோமில் உள்ள மூன்று ஜீன்களின் வரிசையைக் கேட்கும் பிணைப்புக் கணக்கில், பிள்ளைகளில் எண்ணிக்கை ஆகக் குறைந்த ஜோடி இரட்டைக் குறுக்கேற்றம் (double crossover), அதில் இடம் மாறிய ஜீன் நடுவில். ஜீன் வெளிப்பாட்டுக்குக் காங்கேயம் கன்று போதும்: பிறக்கும்போது செவலை, ஆறு மாதத்தில் நிறம் மாறும், ஜீன் அதேதான்.

தமிழ் வழியில் வந்தவர்களுக்கு ஒன்று. வினாத்தாள் தமிழில் வராது. நான் விளக்கத்தைத் தமிழிலும் கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தேன். தமிழில் புரிந்தது ஆங்கிலக் கேள்வியிலும் கைகொடுத்தது. மூன்றாம் பகுதியில் 75-ல் 25 கேள்விக்குத்தான் விடை எழுத வேண்டும், ஒன்றுக்கு நான்கு மதிப்பெண். வம்சாவளி, பிணைப்பு, மக்கள்தொகை மரபியல் கேள்விகளை முதலில் தேடி எடுத்துவிட்டு அப்புறம் மற்றவற்றுக்குப் போனேன். இரண்டாம் தடவை தேறினேன். அந்தத் தாளிலும் ஒரு வம்சாவளிப் படம் இருந்தது. முதலில் பார்த்தது, நோயுள்ள அப்பாவின் பிள்ளைகளைத்தான்.